கோப்புகளைப் புது ஹாட் டிஸ்குக்கு மாற்றியபின் தரவுத்தளம் பிழை காட்டினால்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனத்தின் பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வருகிறோம். போர் முடிந்த 2009க்கு முன் எடுத்த படம் என்று வன்னியில் ஒரு வீட்டில் நாலைந்து மிஞ்சியிருந்தாலே பெரிய காரியம். ஷொப்பிங் பையில் சுற்றி உடுப்புக்குள் வைத்துக் கொண்டுபோனவை, பங்கருக்குள் தாட்டுவைத்துவிட்டுப் பிறகு வந்து தோண்டி எடுத்தவை, வெளிநாட்டுச் சொந்தக்காரரிடமிருந்து திரும்பி வந்தவை என்று சேர்ந்தவை ஆறாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு படத்திலும் யார் யார் நிற்கிறார்கள், எந்த ஊர், எந்த வருடம், கொண்டுவந்து தந்தவர் யார் என்று கேட்டுக் கேட்டுப் பதிந்திருக்கிறோம்.

போன ஐப்பசியில் பழைய ஹாட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. புதிதாக ஒன்று வாங்கி, இரவிரவாக எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பழையதைக் கழற்றி வைத்தோம். விடிய வந்து மென்பொருளைத் திறந்தால், படம் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டம், நடுவில் ஒரு கேள்விக்குறி. மகனின் திவசத்துக்குப் படம் ஒன்றைப் பெருப்பித்துத் தரச்சொல்லி அன்று காலை ஓர் அம்மா வந்திருந்தார். திரையை எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "தம்பி, திரும்பவும் எல்லாம் போட்டுதோ?"

"இல்லையம்மா, படம் இருக்கு. கொம்பியூட்டர் பழைய இடத்தில போய்த் தேடுது. கொஞ்சம் இருங்கோ" என்றேன்.

அவருக்குச் சொன்ன அந்தப் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பள்ளிக்கூட நூலகம், படப்பிடிப்பு ஸ்ரூடியோ, சங்கக்கடைக் கணக்கு, கோயில் கணக்கு என்று எங்கே பார்த்தாலும் இப்போது ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதன் கோப்புகளை ஒருநாள் இடம் மாற்றத்தான் வேண்டிவரும்.

தரவுத்தளம் என்பது ஓர் இடாப்பு. கிராம அலுவலரிடம் உள்ள குடும்ப இடாப்பில் நீங்கள் இல்லை. உங்கள் பெயரும் விலாசமும்தான் இருக்கின்றன. படமும் அப்படித்தான். படக் கோப்பு ஹாட் டிஸ்கில் ஏதோ ஒரு கோப்புறையில் கிடக்கிறது. தரவுத்தளத்தில் இருப்பது அதைப் பற்றிய ஒரு வரி மட்டும். எங்கள் இடாப்பின் 2117ஆம் வரியில் இப்படி எழுதியிருந்தது:

டி:\படங்கள்\பள்ளிக்கூடம்\2004-உதைபந்தாட்டம்.ஜேபிஜி

அதே வரியில், பக்கத்துப் பெட்டிகளில், இடமிருந்து வலமாகப் பதினொரு பிள்ளைகளின் பெயர்கள், பயிற்றுவித்த ஆசிரியரின் பெயர், படம் தந்தவரின் பெயர். புது ஹாட் டிஸ்கைச் செருகியபோது விண்டோஸ் அதற்கு 'எஃப்' என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டது. படம் எஃப் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. இடாப்பில் இன்னும் டி என்று எழுதியிருக்கிறது. மென்பொருள் டி டிரைவின் கதவைத் தட்டுகிறது, அங்கே யாரும் இல்லை. இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தவருக்குப் பழைய வீட்டு விலாசத்தில் கடிதம் போட்டால் ஆள் உயிரோடு இருந்தும் கடிதம் திரும்பிவரும் அல்லவா? 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற செய்தியும் திரும்பி வந்த கடிதம்தான்.

இதிலிருந்து உடனே தெரியவேண்டியது ஒன்று இருக்கிறது. பதினொரு பிள்ளைகளின் பெயர்களும் படக் கோப்புக்குள் இல்லை, இடாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. படத்தைத் திரும்ப ஸ்கேன் செய்யலாம். பெயர் சொன்ன ஆச்சி இப்போது இல்லையென்றால், அந்தப் பெயர்களைத் திரும்ப எங்கே போய்க் கேட்பது?

அதனால் முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பிழை வரும்போது பல மென்பொருள்கள் தாமாகவே முன்வந்து, "காணாமற்போன பதிவுகளை அகற்றட்டுமா?" என்று கேட்கும். சிலவற்றில் 'கிளீன் அப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடவேண்டாம். அது கேள்விக்குறிகளை மறைத்துத் திரையைத் துப்புரவாக்கும். கூடவே 2117ஆம் வரியையும் அதிலிருந்த பெயர்களையும் எடுத்துவிடும். பிறகு கோப்புறையைப் புதிதாகச் சேர்த்தால் படங்கள் எல்லாம் வந்துவிடும், ஆனால் பெயரில்லாத படங்களாக வரும். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்ரூடியோவில் இது நடந்திருக்கிறது. கலியாண வீட்டுப் படங்கள் எல்லாம் இருந்தன, எது யாருடைய கலியாணம் என்பது மட்டும் போய்விட்டது.

செய்யவேண்டிய முதல் வேலை, மென்பொருளை மூடிவிட்டு இடாப்புக் கோப்பை வேறோர் இடத்துக்குப் பிரதி எடுப்பது. எங்களுடையதைப்போல ஒரே கணினியில் ஓடும் சிறிய மென்பொருள்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள முறை. கைபேசிக்குள் இருப்பதும் அதுதான். அதில் முழு இடாப்பும் ஒரே கோப்பாக இருக்கும். ஆனால் பக்கத்தில் அதே பெயரோடு, கடைசியில் 'டபிள்யூஏஎல்' என்றும் 'எஸ்எச்எம்' என்றும் ஒட்டிக்கொண்டு இரண்டு கோப்புகள் சிலவேளை இருக்கும். இவற்றைத் தேவையில்லாத குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். சங்கக்கடையில் பகல் முழுக்க விற்றதைத் துண்டில் குறித்துவைத்து, ஆறுதலாகப் பேரேட்டில் ஏற்றுவார்களே, டபிள்யூஏஎல் கோப்பு அந்தத் துண்டு. பேரேட்டை மட்டும் கொண்டுபோய்த் துண்டை விட்டுவிட்டால் கடைசியாகப் பதிந்தவை போய்விடும். சிலவேளை இடாப்பே குழம்பிவிடும். மென்பொருளை ஒழுங்காக மூடினால் துண்டில் உள்ளது பேரேட்டில் ஏறி, அந்த இரண்டு கோப்புகளும் பொதுவாகத் தாமாகவே மறைந்துவிடும். மூடியபிறகும் அவை நின்றால் மூன்றையும் சேர்த்தே பிரதி எடுங்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பிரதி எடுக்கவேண்டாம்.

இனிப் பிழைச் செய்தியை நிதானமாக வாசியுங்கள். அவசரத்தில் எல்லாச் செய்தியும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் சொல்லும் விஷயம் வேறு வேறு. விலாசம் பிழை என்கிறதா, விலாசம் சரி கதவு பூட்டியிருக்கிறது என்கிறதா, இடாப்பே கிழிந்துவிட்டது என்கிறதா என்று பார்க்கவேண்டும். ஹாட் டிஸ்க் மாற்றியபின் வருபவற்றில் நான் அதிகம் கண்டது விலாசப் பிழைதான். அதையே விரிவாகச் சொல்கிறேன்.

விலாசப் பிழைக்கு ஆகச் சுகமான வழி, இடாப்பில் கைவைக்காமல் புது ஹாட் டிஸ்குக்குப் பழைய எழுத்தைக் கொடுத்துவிடுவது. பழையதைக் கழற்றிவிட்டு, விண்டோஸில் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' என்ற பகுதியைத் திறந்து, புதியதன் மேல் வலச்சொடுக்கி, எஃப் என்பதை டி ஆக்கலாம். இரண்டு நிமிட வேலை. இரண்டாவது ஹாட் டிஸ்கில் படங்களும், கணினியின் சொந்த டிஸ்கில் விண்டோஸும் மென்பொருளும் இருந்தால் இது போதும். விண்டோஸும் மென்பொருள்களும் ஓடும் டிரைவின் எழுத்தை மட்டும் மாற்றக்கூடாது. லினக்ஸ் கணினி என்றால் எழுத்து இல்லை. பழைய ஹாட் டிஸ்க் எந்தக் கோப்புறையில் இணைக்கப்பட்டிருந்ததோ அதே கோப்புறையில் புதியதை இணைக்கவேண்டும். அதை 'எஃப்எஸ்டேப்' கோப்பில் டிஸ்கின் அடையாள எண்ணோடு எழுதிவைத்தால் ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் அங்கேயே வந்து நிற்கும்.

எங்களுக்கு டி ஆக்கியதும் பெரும்பகுதிப் படங்கள் திரும்பின. பள்ளிக்கூடப் படங்களும் முல்லைத்தீவுப் படங்களும் வரவில்லை. காரணம், மாற்றும்போது ஒழுங்குபடுத்துவோம் என்று நினைத்து அந்தக் கோப்புறைகளை வேறொரு கோப்புறைக்குள் போட்டிருந்தேன். இடம் மாற்றுவதும் ஒழுங்குபடுத்துவதும் இரண்டு வேலைகள். இரண்டையும் ஒரே இரவில் செய்தால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கமுடியாது. கோப்புறைகளைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தாலே இது தீரும், அதுதான் நல்ல வழியும்கூட. அப்படி வைக்கமுடியாதவர்கள் இடாப்பில் உள்ள விலாசத்தைத் திருத்தவேண்டும்.

இந்த இடத்தில் முழு விலாசம், சார்பு விலாசம் என்ற வேறுபாடு விளங்கவேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வழி சொல்லும்போது சந்தியிலிருந்து சொல்லுவோம்: "சந்தியால திரும்பி, குளக்கட்டைத் தாண்டி, மூன்றாவது படலை." சந்தி எது என்று தெரிந்தால் போதும். டிஜிகேம் போன்ற படத் தொகுப்பு மென்பொருள்கள் இப்படித்தான் எழுதிவைக்கின்றன. எல்லாப் படங்களையும் உள்ளே வைத்திருக்கும் வேர்க் கோப்புறை எங்கே என்பதை ஒரேயொரு வரியில் குறித்துவிட்டு, மற்றப் படங்களை எல்லாம் அதிலிருந்து வழி சொல்லும். சந்தி மாறினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும், அதற்கு அமைப்புகளிலேயே இடமும் இருக்கிறது. எங்களுடையது போன்றவை ஒவ்வொரு வரியிலும் முழு விலாசத்தையும் எழுதுகின்றன. ஆறாயிரம் படம் என்றால் ஆறாயிரம் விலாசம். கையால் திருத்தமுடியாது, கட்டளையால்தான் திருத்தவேண்டும்.

தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்கியூஎல் மொழியில் அதற்கு 'அப்டேட்' கட்டளையும் 'ரீப்பிளேஸ்' என்ற செயலும் உண்டு. "இந்தப் பெட்டியில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் அந்தச் சொல்லைப் போடு" என்று சொல்வதுதான். இதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழப் பார்த்த குழி. 'முல்லை' என்ற கோப்புறையை 'மாவட்டங்கள்' என்பதற்குள் போட்டிருந்தேன். அதனால் 'முல்லை' என்பதை 'மாவட்டங்கள்\முல்லை' என்று மாற்றினால் சரி என்று தோன்றியது. ஆனால் அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் படங்களின் பெயர்கள் 'முல்லைத்தீவு-கடற்கரை' என்றெல்லாம் தொடங்குகின்றன. ரீப்பிளேஸ் செயலுக்குக் கோப்புறைப் பெயர், படப் பெயர் என்ற வித்தியாசம் தெரியாது. அது 'முல்லைத்தீவு' என்பதையும் 'மாவட்டங்கள்\முல்லைத்தீவு' ஆக்கிவிடும். சரியாக இருந்த பகுதியும் கெட்டுவிடும். அதனால் மாற்றவேண்டிய துண்டை முழுதாகக் கொடுக்கவேண்டும்: 'டி:\படங்கள்\முல்லை\' என்று, டிரைவ் எழுத்தில் தொடங்கி, கடைசிச் சாய்கோடு உட்பட. அதோடு 'இப்படித் தொடங்கும் வரிகளில் மட்டும்' என்ற நிபந்தனையும் சேர்க்கவேண்டும்.

கட்டளை கொடுக்குமுன் அந்த நிபந்தனைக்கு எத்தனை வரிகள் அகப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோப்புறையில் 412 படம் இருந்து, வரி 412 என்று வந்தால் கை நடுங்காமல் கட்டளையைக் கொடுக்கலாம். 2,000 என்று வந்தால் நிபந்தனை பிழை. புதியவர்களுக்கு 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்ற இலவச மென்பொருளைச் சொல்லுவேன். அதில் மாற்றம் செய்தாலும் 'எழுது' என்ற பொத்தானை அமுக்கும்வரை கோப்பில் ஏறாது. பார்த்துவிட்டுப் பிழை என்றால் பின்வாங்கலாம். வேர்ட்பிரஸ் இணையத்தளம் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வழியால் போகவேண்டாம். அது சில அமைப்புகளை எழுதும்போது ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தையும் எண்ணாகக் கூடவே எழுதும். சொல்லை மாற்றி எண்ணை மாற்றாவிட்டால் அந்த அமைப்பை அதனால் வாசிக்கமுடியாது. அதற்கென்றே உள்ள தேடி மாற்றும் கருவிகள் எண்ணையும் சேர்த்துத் திருத்தும்.

திருத்தி முடிய 2117ஆம் வரியைச் சொடுக்கினேன். படம் வந்தது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை. அந்த அம்மா கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு இருந்தார். பெருப்பிக்கும் வேலையை ஒரு பத்து நிமிடம் தள்ளிவைத்தேன்.

பிறகும் 43 படங்கள் வரவில்லை. இதுதான் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் எல்லாரும் அறியவேண்டியது. அந்த 43ம் ஒரே கோப்புறையில் இருந்தவை, பெயர் கொக்குத்தொடுவாய். பழைய ஹாட் டிஸ்க் அந்த இடத்தில் வாசிக்கமுடியாமல் போனதால், லீவில் வந்து நின்ற ஒருவரின் பழைய மக் மடிக்கணினியில் இருந்த பிரதியை எடுத்துப் போட்டிருந்தோம். இடாப்பில் 'கொக்குத்தொடுவாய்' என்று இருக்கிறது. கோப்புறையின் பெயரும் 'கொக்குத்தொடுவாய்'. எழுத்துக்கு எழுத்துச் சரி பார்த்தாயிற்று, கணினி மட்டும் இல்லை என்கிறது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருந்தது. எழுத்துகளுக்குக் கணினியில் குறியீடு கொடுக்கும் யூனிகோட் முறையில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். 'க' வையும், ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைப்பது ஒரு விதம். 'க' வோடு முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் அரவையும் தனித்தனிக் குறியீடாக வைப்பது மற்ற விதம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும்கூட இப்படி இரண்டு வழி உண்டு. விண்டோஸில் தட்டச்சினால் பொதுவாக முதல் விதம் வரும். மக் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்து வைக்கும். 'கொக்குத்தொடுவாய்' என்ற பெயரில் கொ, தொ என்று இரண்டு இடம். முதல் விதத்தில் அது 16 குறியீடு, இரண்டாவதில் 18. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 48 பைட் பெயர் 54 பைட் பெயராகிவிட்டது. விண்டோஸ் பைட்டுகளையும் குறியீடுகளையும்தான் ஒப்பிடும், ஒலியை அல்ல. கொக்கிளாய், தொண்டைமானாறு, கோப்பாய் என்று எந்தப் பெயரில் ஒகர ஓகாரம் வந்தாலும் இது நடக்கலாம். முல்லைத்தீவு, கிளிநொச்சி என்ற இரண்டையும் பாருங்கள்: முதலாவது தப்பிவிடும், இரண்டாவதில் 'நொ' இருக்கிறது.

தீர்வு, பெயர்களை எல்லாம் ஒரே விதத்துக்குக் கொண்டுவருவது. பைதன் மொழியில் 'யூனிகோட்டேட்டா' என்ற தொகுதியில் இதற்கான செயல் இருக்கிறது. பிரிந்திருக்கும் குறிகளைச் சேர்த்தெழுதும் 'என்எஃப்சி' என்ற வடிவுக்குக் கோப்புப் பெயர்களை மாற்றச்சொல்லிப் பத்து வரியில் எழுதிவிடலாம். 43 படமும் வந்துவிட்டன.

தமிழ்ப் பெயரோடு இன்னும் இரண்டு சங்கதி உண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டமுடியாது. தமிழில் அது 85 குறியீடு. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நாற்பத்தைந்து, ஐம்பது எழுத்துக்குள் முடிந்துவிடும். விண்டோஸில் 255 குறியீடு வரை போகும். அதனால் விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்த படங்கள், லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றும்போது போக மறுக்கலாம். மற்றது, யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருக் காலத்துப் பெயர்கள். அதில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கிலச் சாவி எழுத்துகள்தான். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவிதான். லினக்ஸ் முனையத்தில் அரைப்புள்ளி என்றால் 'கட்டளை முடிந்தது' என்று பொருள். அந்தப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் போடாமல் கட்டளையில் எழுதினால் கட்டளை நடுவிலேயே உடைந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை என்றாலும், பெயரின் முடிவில் வரும் ஆங்கில ஜேபிஜிக்கு அது உண்டு. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும், லினக்ஸ் வேறு வேறாக எடுக்கும்.

கதவு பூட்டிய பிழைக்கு வருவோம். 'அனுமதி இல்லை', 'வாசிக்க மட்டும்' என்று செய்தி வந்தால் கோப்பு சரியான இடத்தில் இருக்கிறது, மென்பொருளிடம் சாவி இல்லை. லினக்ஸில் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற பெரிய தரவுத்தள மென்பொருள் ஓடும் சேர்வரில் தரவுக் கோப்புறையை நிர்வாகி கணக்கால் பிரதி எடுத்தால் கோப்புகளின் உரிமையாளர் மாறிவிடுவார். பிழை எண் 13 என்று வரும். உரிமையைத் திரும்ப 'மைஎஸ்கியூஎல்' என்ற பயனருக்கே கொடுக்கவேண்டும். கொடுத்தும் வரவில்லை என்றால், உபுண்டுவில் 'ஆப்ஆர்மர்' என்ற காவல் முறை புது இடத்தை அறியாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். எண் 28 என்றால் வெறுமனே இடம் நிறைந்துவிட்டது. இத்தகைய சேர்வர்களில் கோப்புகளை நேரடியாகப் பிரதி எடுப்பதைவிட, தரவு முழுவதையும் கட்டளைகளாக ஒரு கோப்பில் எழுதும் 'டம்ப்' எடுத்துப் புது இடத்தில் ஏற்றுவதே நல்லது. கோப்புறையை மட்டும் தூக்கிவந்து 'ஐபிடேட்டா1' என்ற பொதுக் கோப்பை விட்டுவிட்டு, அட்டவணை கண்ணுக்குத் தெரிகிறது ஆனால் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் பலர்.

இடாப்பே கிழிந்திருந்தால் எஸ்கியூலைட் 'தரவுத்தளம் சிதைந்துள்ளது' என்ற பொருளில் சொல்லும். பிரதி எடுக்கும் நடுவில் கரண்ட் நின்றதோ, துண்டுக் கோப்பை விட்டுவந்ததோ, பழைய டிஸ்கின் கெட்ட இடமோ காரணமாக இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னலோடு எங்கள் பக்கம் கரண்ட் நிற்பது வழமை. யூபிஎஸ் இல்லாமல் அந்த மாதங்களில் பெரிய மாற்ற வேலை தொடங்கவேண்டாம். முதலில் பழைய டிஸ்கிலிருந்து இடாப்பைத் திரும்ப ஒருமுறை பிரதி எடுத்துப் பாருங்கள். 'இன்டெக்ரிட்டி செக்' என்ற சோதனை உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால் 'ஓகே' என்ற ஒரே சொல்லைத் தரும். தராவிட்டால் 'ரிக்கவர்' கட்டளை வாசிக்கக்கூடியவற்றை எடுத்துப் புது இடாப்பில் எழுத முயலும். இதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

படங்களை நெற்வேர்க் சேமிப்புப் பெட்டியில் வைப்பது நல்லது. எஸ்கியூலைட் இடாப்பை மட்டும் அதில் வைக்காமல் கணினியின் சொந்த டிஸ்கிலேயே வையுங்கள். நெற்வேர்க்கினூடாகப் பூட்டுப் போடுவது எல்லா இடத்திலும் ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் இடாப்பு சிதையலாம்.

எங்கள் பழைய டிஸ்கை நாங்கள் அழிக்கவில்லை. புதியதில் உள்ள எண்ணிக்கையும் அளவும் அதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தோம், பழையதில் வாசிக்கமுடிந்த கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 'ஷா 256' கையொப்பங்களை ஒப்பிட்டோம். பிறகு புதியதிலிருந்து இன்னொரு டிஸ்குக்கும் ஒரு பிரதி எடுத்து, அதை நிலையத்தில் வைக்காமல், முறிகண்டிப் பக்கம் ஒரு வீட்டு அலுமாரியில் ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருக்கிறோம். பையின் மேல் திகதியும், படங்களின் எண்ணிக்கையும், வேர்க் கோப்புறையின் விலாசமும் எழுதி ஒட்டியிருக்கிறது.